மஞ்சள் கோடு

இதுவரை நான் எழுதிய நாவல்களில் நான்கு பேரை மோட்டார் விபத்தில் கொன்றிருக்கிறேன். இரண்டு பேர் நல்லவர்கள். ஒருவன் வில்லன். நாலாவது ஆசாமி, கதை நீண்டுகொண்டே போன ஒரே காரணத்தால் உயிரை விட நேர்ந்த ஒரு சித்தப்பா. நான்கு விபத்துக்கும் நான் சொன்ன காரணம் ஒன்றுதான்: பிரேக் பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று எந்த வாசகரும் எனக்குக் கடிதம் எழுதியதில்லை. நானும் அதைப் பற்றி ஒரு நிமிஷம் யோசித்ததில்லை. கதாசிரியன் 'பிடிக்கவில்லை' என்று எழுதினால் பிடிக்காது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த மோட்டார் சாஸ்திரம்.

2023-ஆம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இருங்காட்டுக்கோட்டையில், அந்த 'ஏன்' என் முன்னால் வந்து நின்றது.

என் அக்காள் பிள்ளைக்குக் கார்ப் பித்து. வாரத்தில் ஐந்து நாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பாதிப்பதை, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை டயரிலும் பெட்ரோலிலும் கரைத்துவிட்டு வருவான். ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருக்கிற அந்தப் பந்தயப் பாதையில், பந்தயம் இல்லாத சில நாட்களில், பணம் கட்டினால் நம் சொந்தக் காரையே ஓட்டிப் பார்க்க விடுகிறார்கள். பரிசும் கிடையாது, கோப்பையும் கிடையாது. இருபது நிமிஷம் கண் மண் தெரியாமல் ஓட்டலாம், பிறகு நிறுத்தி ஆற விடலாம், மறுபடி ஓட்டலாம். இதில் என்ன சுகம் என்று கேட்டேன். "நீங்க ஒரு தடவை வந்து பாருங்க மாமா" என்றான். கும்பகோணத்திலிருக்கும் அவன் தாயாருக்கு மட்டும் இந்தச் சமாசாரம் தெரியக் கூடாது என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். அக்காளைப் பொறுத்தவரை அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுக்கு ஆபீஸில் அவசர வேலை. அந்தப் பொய்க்கு நான் சாட்சி.

எனக்கு மோட்டார்ப் பந்தயம் முற்றிலும் புதியதல்ல. கல்லூரி நாட்களில் சோழவரத்துக்குப் போயிருக்கிறேன். இரண்டாவது உலக யுத்த காலத்து விமான ஓடுதளம் அது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பார் அங்கேதான் பந்தயம் நடத்தினார்கள். நாங்கள் போனது பந்தயத்துக்கா, அங்கே வரும் கூட்டத்தைப் பார்ப்பதற்கா என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. தொப்பியும் தண்ணீர்ப் பாட்டிலுமாக வெயிலில் நின்று தொண்டை கட்டும் வரை கத்திவிட்டு வந்தோம். 1990-இல் இருங்காட்டுக்கோட்டைப் பாதை திறந்த பிறகு சோழவரம் பழங்கதையாகிவிட்டது.

முதல் நாள் சனிக்கிழமை மாலையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவன் இருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில் காரின் சக்கரத்தைக் கழற்றினால் காவலாளி விசில் ஊதுகிறானாம். அதனால் என் வீட்டுப் போர்ட்டிகோதான் அவனுக்குப் பட்டறை. முன் சக்கரங்களுக்குப் புதிய பிரேக் பேடு மாட்டுகிறேன் என்று வண்டியை ஜாக்கியில் தூக்கி வைத்தான். என் உத்தியோகம் டார்ச் பிடிப்பது.

அன்றுதான் காலிப்பர் என்ற வஸ்துவைக் கண்ணால் பார்த்தேன். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற கிடுக்கி அது. தட்டுச் சுற்றும், கிடுக்கி சுற்றாது. சுற்றாமல் அதை அச்சுப் பக்கத்தோடு பிடித்து வைத்திருப்பவை, ஒவ்வொரு பக்கத்திலும், என் கட்டை விரல் பருமனுள்ள இரண்டே இரண்டு போல்டுகள். நூறு மைல் வேகத்தில் போகிற வண்டியை நிறுத்தும் பாரம் முழுவதும் கடைசியில் அந்தப் போல்டுகளின் தலையில்தான் வந்து விடிகிறது. கிடுக்கி முழுவதும் பளபளவென்று குங்குமச் சிவப்பு. முந்தின வாரம் அவனே பெயிண்ட் அடித்தானாம். "அழகா இருக்கில்ல மாமா?" என்றான். கல்யாணப் பெண்ணின் மருதாணி மாதிரி இருக்கிறது என்று சொன்னேன். சந்தோஷப்பட்டான்.

இடது பக்கம் முடிந்தது. வலது பக்கத்தில் போல்டுகளைக் கையால் திருகிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து என் மனைவி, "காபி ஆறிப் போறது" என்று குரல் கொடுத்தாள். எங்கள் வீட்டில் அந்தக் குரலுக்கு இரண்டாவது பதிப்பு கிடையாது. "வாடா, குடிச்சுட்டு வந்து பண்ணலாம்" என்று நான்தான் அவனை எழுப்பி அழைத்துப் போனேன். இதை நன்றாக நினைவு வைத்துக்கொள்ளுங்கள். நான் மறக்க முடியாமல்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

காபி குடித்துவிட்டு வந்தோம். சக்கரங்களை மாட்டினான். ஜாக்கியை இறக்கினான். நடுவில் அந்த நீளமான ஸ்பானரை எடுத்து வலது பக்கத்துப் போல்டுகளை முடுக்கினானா? முடுக்கியிருப்பான். டார்ச் என் கையில்தான் இருந்தது. எனக்கு ஞாபகமில்லை.

மறுநாள் முதல் இருபது நிமிஷம் அவன் சுற்றிச் சுற்றி வந்ததை நான் குடை நிழலிலிருந்து பார்த்தேன். ஏறக்குறைய மூன்றே முக்கால் கிலோமீட்டர்ப் பாதை. நேர்ப்பாதையில் அம்பு மாதிரி வருவான், முனை நெருங்கியதும் வண்டி மூக்கைத் தரையில் இடித்துக்கொள்வது போல் குனியும், திரும்பும், மறையும். அந்தக் குனிதல்தான் பிரேக். வண்டியின் ஓட்டமெல்லாம் அந்தத் தட்டில் சூடாக மாறுகிறது. கடுமையாக ஓட்டினால் தட்டின் உஷ்ணம் 500, 600 டிகிரி வரைகூடப் போகும். இரவாக இருந்தால் சிவந்து ஒளிர்வதையே பார்க்கலாம். வீட்டிலிருந்து ஆபீஸுக்குப் போய் வருகிற கார் தன் ஆயுளில் ஒரு நாளும் காணாத சூடு.

இரண்டாவது முறை ஆறாவது ஏழாவது சுற்றில் இருக்கும், ஆளைக் காணோம். பிறகு, எல்லோரும் பறந்துகொண்டிருக்கும் பாதையின் ஓரத்தில், விளக்கைச் சிமிட்டிக்கொண்டு ஊர்ந்து வந்தான். "பிரேக்கை மிதிச்சா வலது பக்கம் டொக்குனு ஏதோ தட்டுது மாமா" என்றான். முகத்தில் அசட்டுச் சிரிப்பு. பயப்படத் தெரியாத வயது.

அங்கே வேறொருவர் வண்டியைக் கவனிக்க வந்திருந்த ஒரு மேஸ்திரி இருந்தார். என் வயதுக்கு இரண்டு மூன்று குறைவாக இருக்கலாம். சிறு பையனாக சோழவரத்தில் ஸ்பானர் பெட்டி தூக்கியவராம். அவரைக் கூப்பிட்டான். அவர் வந்து சக்கரத்தைக் கழற்றி உள்ளே பார்த்தார். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. என் மருமானின் கையைப் பிடித்து, உள்ளே வைத்து, தொடச் சொன்னார். சூடு பொறுக்காமல் கையை எடுத்துக்கொண்டான். ஆனால் அதற்குள் தெரிந்துவிட்டது. மேல் போல்ட் இருந்த இடத்தில் வெறும் துவாரம். கீழ்ப் போல்டை மேஸ்திரி ஒரு துணியைச் சுற்றி, இரண்டே விரலால், பேனா மூடியைத் திருகுவது போல் திருகி எடுத்துக் காட்டினார். இன்னும் நாலைந்து மரைதான் பிடித்துக்கொண்டிருந்திருக்கும்.

"இன்னும் ரெண்டு ரவுண்டு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அதுவும் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அப்புறம் நானே கேட்டுத் தெரிந்துகொண்டேன். கிடுக்கி கழன்று சக்கரத்தின் உட்புறத்தில் போய் இடிக்கும். சக்கரம் உடையலாம், அல்லது சிக்கி நின்றுவிடலாம். பிரேக் எண்ணெய் வருகிற ரப்பர்க் குழாய் அறுந்தால் மிதிகட்டை பாதி ஆழத்துக்குப் போய்விடும். இத்தனையும் நேர்ப்பாதையின் முடிவில், பிரேக் மிகவும் தேவைப்படுகிற அந்த ஒரே விநாடியில் நடக்கும். ஏனென்றால் அந்த விநாடியில்தான் அதன் மேல் பாரம் விழுகிறது. என் நாவலின் சித்தப்பாவை நான் எவ்வளவு அலட்சியமாகக் கொன்றேன் என்று அப்போதுதான் உறைத்தது.

விழுந்த போல்ட் பாதையில் கிடந்தால் பின்னால் வருகிறவர்களுக்கு ஆபத்து என்று மேஸ்திரி சொல்ல, இவன் ஓடிப்போய் அதிகாரிகளிடம் விஷயத்தைச் சொன்னான். ஓட்டத்தைச் சற்று நிறுத்தித் தேடினார்கள். கிடைக்கவில்லை. முக்கியமான தடயம் இல்லாத துப்பறியும் கதையாக அது ஆகிவிட்டது.

துப்பறியும் கதை என்றால் சந்தேகத்துக்குரியவர்கள் வேண்டும். மூன்று பேர் இருந்தார்கள்.

முதல் ஆசாமி, அந்தக் குங்குமச் சிவப்பு. இதைப் புரிந்துகொள்ள, போல்ட் எப்படிப் பிடிக்கிறது என்பதை மேஸ்திரி எனக்கு விளக்க வேண்டியிருந்தது. போல்ட் ஆணி மாதிரி குறுக்கே நின்று தடுக்கிறது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அப்படியில்லையாம். முடுக்கும்போது அது ரப்பர் மாதிரி இழுபடுகிறது. இழுபட்ட இரும்பு பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கிறது. அந்த இழுப்பில்தான் இரண்டு பாகங்களும் ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு நகராமல் இருக்கின்றன. எவ்வளவு நீளுகிறது தெரியுமா? ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு தலைமயிரின் கனம். அந்தத் தலைமயிர்க் கனம்தான் உயிர். இப்போது, நெருக்கிக்கொள்ள வேண்டிய இரண்டு முகங்களுக்கு நடுவே பெயிண்ட் இருக்கிறது என்று வையுங்கள். சூட்டில் அது கருகி உதிர்கிறது. அதன் கனமும் ஏறக்குறைய அதே தலைமயிர்தான். பெயிண்ட் போனதும் இழுப்பும் போய்விடுகிறது. போல்ட் ஒரு நூல்கூடத் திரும்பாமலே தளர்ந்துவிடுகிறது.

தளர்ந்த பிறகு கழல்வதற்கு அதிக நேரம் வேண்டாம். 1969-இல் ஜெர்மன் இஞ்சினீயர் கெர்ஹார்ட் யுங்கர் என்பவர் இதைச் சோதித்து எழுதியிருக்கிறார். போல்டை அதன் நீளவாக்கில் எத்தனை குலுக்கினாலும் அவ்வளவு சுலபத்தில் கழலாது. இணைந்த பாகங்கள் பக்கவாட்டில் துளித் துளி வழுக்கினால் போல்ட் தானாகவே திரும்பி வெளியே வந்துவிடும் என்பது அவர் கண்டது. மேஸ்திரிக்கு யுங்கரைத் தெரியாது. ஆனால், "சைடுல ஆட ஆரம்பிச்சா அது தானா நடந்து வெளிய வந்துரும் ஸார்" என்று இரண்டு உள்ளங்கைகளையும் ஒட்டி வைத்துத் தேய்த்துக் காட்டினார்.

இரண்டாவது ஆசாமி, பழைய போல்ட். சில வண்டிகளில் இந்தப் போல்டுகளின் மரையில் தொழிற்சாலையிலேயே ஒரு பசையைப் பூசி அனுப்புகிறார்கள். ஒரு முறை கழற்றினால் அதன் வேலை முடிந்தது. புதிதாகத்தான் வாங்கிப் போட வேண்டும். இவன் பழையதையே போட்டிருக்கிறான். விலை என்ன என்று கேட்டேன். சொன்னான். அன்று காலை நாங்கள் வழியில் சாப்பிட்ட இட்லி வடைக்கு அதைவிட அதிகம் ஆகியிருந்தது.

மூன்றாவது ஆசாமி நான்.

கையால் திருகிய போல்ட் என் வீட்டிலிருந்து இருங்காட்டுக்கோட்டை வரை வந்து, முதல் இருபது நிமிஷமும் தாக்குப் பிடிக்குமா என்று மேஸ்திரியைக் கேட்டேன். காபி விஷயத்தையும் மறைக்காமல் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "பிடிக்கலாம் ஸார். பிடிக்காமலும் போகலாம்" என்றார். "சரியா முடுக்கி பெயிண்டால லூஸ் ஆனதா, முடுக்கவே மறந்ததா, இப்ப எப்படிச் சொல்றது? ரெண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். கோடு போட்டிருந்தா சொல்லியிருக்கலாம்."

"என்ன கோடு?"

தம் பெட்டியிலிருந்து மஞ்சள் பெயிண்ட் பேனா ஒன்றை எடுத்தார். போல்டை முடுக்கி முடித்த பிறகு, அதன் தலையில் ஆரம்பித்து, அது உட்கார்ந்திருக்கும் இரும்பின் மேல் வரை ஒரே இழுப்பாக ஒரு கோடு. போல்ட் கொஞ்சம் திரும்பினாலும் கோடு இரண்டாக முறிந்து தெரியும். குனிந்து பார்த்தால் போதும். முடுக்கினால்தான் கோடு என்று பழக்கம் வைத்துக்கொண்டால், கோடு இல்லாத போல்ட் முடுக்காத போல்ட். மறதிக்கும் தளர்வுக்கும் அதுவே சாட்சி. "விமானத்துலகூட இப்படிக் கோடு போடுறாங்க ஸார்" என்றார்.

பெயிண்ட் பேனா ஒன்றும் போல்டைப் பிடித்து வைக்காது. பிடித்து வைக்கிற காரியங்கள் வேறு இருக்கின்றன. அவற்றையும் அன்று மாலைக்குள் கேட்டு எழுதிக்கொண்டேன். நோட்டுப் புத்தகத்தோடு கதைக்குக் கரு தேடி அலைகிற பழக்கம் இதற்காவது உதவியது. முதலாவது, ஒட்டுகிற இரண்டு முகங்களையும் வெறும் இரும்பு தெரியும் வரை சுத்தம் செய்ய வேண்டும். பெயிண்டை வெளிப்புறத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம். அடுத்தது, முடுக்குகிற அளவு. அவன் வண்டிக்குக் கையேட்டில் போட்டிருப்பது 100 நியூட்டன்-மீட்டர். அதாவது, ஒரு மீட்டர் நீளப் பிடியின் நுனியில் சுமார் 10 கிலோவைத் தொங்கவிட்ட பலம். அதற்கென்று அளவு காட்டும் டார்க் ரெஞ்ச் இருக்கிறது. 'என் கைக்குத் தெரியும்' என்று சொல்கிற பலசாலிகளை நம்பக் கூடாது. கொடுக்கிற பலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் போல்டை இழுக்கிறதாம். மீதியெல்லாம் உராய்வு தின்றுவிடுகிறது. ஆகவே மரையில் மண் இருந்தால் ஒரு கணக்கு, எண்ணெய் இருந்தால் வேறு கணக்கு. சுத்தமாக, ஆறிய நிலையில் முடுக்க வேண்டும்.

ஸ்பிரிங் வாஷர் போடலாமே என்று நான் என் மேதாவிலாசத்தைக் காட்டினேன். மேஸ்திரி சிரித்துவிட்டார். முழுப் பலத்தில் முடுக்கினால் அது தட்டையாகி வெறும் வாஷர்தான். யுங்கர் மாதிரியான பரீட்சையில் அது தேறுவதில்லை. ஸ்வீடன் தேசத்தில் செய்கிற நார்ட்-லாக் என்ற ஜோடி வாஷர் வேறு ஜாதி. உட்புறத்தில் சரிவுப் படிகள் வெட்டியிருக்கும். போல்ட் திரும்பப் பார்த்தால் படி ஏறியாக வேண்டும். ஏறினால் இழுப்பு அதிகமாகிறது. ஆகவே திரும்ப முடியாது. ஆனால் அதன் கனத்துக்கு ஈடாக மரை மிச்சமிருக்க வேண்டும். தட்டில் எதுவும் உரசவும் கூடாது.

மரையில் ஊற்றுகிற திரவப் பசையும் உண்டு. அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு நகரத்து ரசாயனப் பேராசிரியர் வெர்னன் கிரீபிள் 1953-இல் ஆரம்பித்த கம்பெனியின் சரக்கு. லாக்டைட் என்றால் எந்தப் பட்டறையிலும் தெரியும். காற்றுப் படும் வரை திரவமாகவே இருக்கும். காற்றில்லாத இடுக்கில் உலோகத்தோடு சேர்ந்தால் கெட்டியாகும். விசித்திரமான குணம், சில மனிதர்களைப் போல. சாதாரண நீல நிறப் பசை 150 முதல் 180 டிகிரி வரைதான் தாங்கும். பந்தயப் பாதையில் காலிப்பர் அதைத் தாண்டிவிடலாம் என்பதால் சூடு தாங்கும் ரகம் பார்த்து வாங்க வேண்டும். இன்னொரு நுட்பம்: பசை இறுகிய பிறகு 'சரியாக இருக்கிறதா பார்ப்போம்' என்று ரெஞ்சைப் போட்டுத் திருகினால், பிடித்த பிடிப்பை நாமே உடைத்தவர்களாவோம். கண்ணால் கோட்டைப் பார்ப்பதுதான் மேல். போல்டின் தலையில் துளை போட்டுக் கம்பியால் ஒன்றையொன்று கட்டுகிற வழக்கமும் விமானத்திலிருந்து வந்ததுதான். "அது மாட்டுக் கயிறு மாதிரி ஸார். மாடு ஓடிப் போகாது. ஆனா கட்டுத்தறியிலேயே சுத்திக்கிட்டுத்தான் இருக்கும்" என்றார் மேஸ்திரி. போல்ட் கீழே விழாது. தளராமல் இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

அன்று கார் லாரியில் ஏறி ஊர் வந்து சேர்ந்தது. வழியெல்லாம் அவனும் நானும் பேசவில்லை. இரவு அக்காள் போன் செய்தாள். "ஆபீஸ் வேலை முடிஞ்சுதாடா அவனுக்கு? சாப்பிட்டானா?" என்றாள். முடிந்தது, சாப்பிட்டான் என்றேன். ஐம்பது வருஷமாகப் பொய் எழுதிப் பிழைப்பு நடத்துகிறவன் நான். அன்று அந்த இரண்டு வார்த்தை தொண்டையை விட்டுக் கிளம்ப மாட்டேன் என்றது.

"நான் முடுக்கினேன் மாமா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்று சில நாள் கழித்து அவனாகவே சொன்னான். எனக்காகச் சொன்னானா, உண்மையாகவே ஞாபகம் இருந்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னும் உறுதியாகச் சொல்லியிருப்பான்.

பிறகு அவன் மறுபடி போக ஆரம்பித்தான். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. சரி என்று டார்ச் உத்தியோகத்திலிருந்து எனக்கு நானே பதவி உயர்வு கொடுத்துக்கொண்டேன். மஞ்சள் பேனா இப்போது என் வசம். கிடுக்கியைப் பிடிக்கும் பெரிய போல்ட் நான்கு. அது முன்னும் பின்னும் நகரும் சின்ன ஊசிகளின் போல்ட் நான்கு. அவற்றுக்கு முடுக்கும் அளவு வேறு, சிறியது. ஆக எட்டு. அவன் ரெஞ்சைப் போட்டு 'டிக்' என்று சத்தம் வந்த பிறகு, நகர்ந்து எனக்கு இடம் கொடுப்பான். நான் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து கோடு போடுவேன். என் கை கொஞ்சம் நடுங்கும். கோடு கோணலாகத்தான் வரும். கோணலானால் பாதகமில்லை, இரண்டு இரும்பையும் தொட்டால் சரி என்று மேஸ்திரி உத்தரவு. எட்டும் முடிகிற வரை எங்கள் வீட்டில் காபி கிடையாது. இந்தச் சட்டத்தை என் மனைவி ஒப்புக்கொண்டதுதான் இந்த விவகாரத்திலேயே பெரிய அதிசயம். திரும்பி வந்து வண்டி ஆறியதும் எட்டுக் கோட்டையும் மறுபடி பார்ப்போம். ஒரு முறை ஒரு சின்ன போல்டின் கோடு ஒரு நெல் அகலம் விலகியிருந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் நன்றாக வந்தது.

இந்தப் பொங்கலுக்கு அக்காள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கனுவன்று மத்தியானம் அவள் கூடத்தில் படுத்திருக்கிறாள் என்று நம்பி நாங்கள் போர்ட்டிகோவில் வேலையைத் தொடங்கினோம். நடுவில் தண்ணீர் குடிக்க உள்ளே போனேன். அக்காள் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"விரல்லே என்னடா மஞ்சள்? எந்தப் பூஜை இந்த நேரத்திலே?"

நான் வாயைத் திறப்பதற்குள் வாசலிலிருந்து, "மாமா, இன்னும் மூணு பாக்கி!" என்று குரல் வந்தது.

அக்காள் என்னைத் தாண்டிக்கொண்டு வாசலுக்குப் போனாள். வண்டி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. அவள் முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து, சக்கரம் இருக்க வேண்டிய இடத்துக்குள் வெகு நேரம் பார்த்தாள்.

"இது என்னடா கோடு?" என்றாள்.

அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தேன். அவன் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஆரம்பித்தான்.